புகைக்கூட்டுக்கு மேல் கட்டாத அறை

மேசன் கந்தையா நூல் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு நுனி அவர் கையில், மற்ற நுனி என் கையில். கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரைக்கும் அளந்து முடித்துவிட்டால் எங்கள் வீட்டின் மேல்மாடி வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சந்தோஷத்துக்கு என் மனைவி றீற்றா தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து மூத்த மருமகன் சூசை வந்தார். தோளில் வலையோடு முற்றத்தில் நின்று நூலைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

“மாமா, புகைக்கூட்டை இடிக்க வேண்டாம்.”

“அதை இடிக்காமல் மேலை எப்பிடிக் கட்டுறது?”

“அப்ப மேலை கட்ட வேண்டாம்.”

ஏன் என்று கேட்டேன். சூசை வலையை வேலியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். கந்தையா நூலைச் சுற்றத் தொடங்கினார். றீற்றா தேசிக்காய்த் தண்ணீரைத் திரும்பக் குசினிக்குள் கொண்டுபோனாள்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய மாட்டைப் பற்றி இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. மாட்டுக்குக் கடைசியில் என்ன ஆனது என்று இரண்டு பேரும் கேட்கிறார்கள். எனக்கு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாடு சுகமாக இருந்து, வயது போய்த்தான் செத்தது. இந்த வாரம் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

குசினி மட்டும் பங்களா

ஓலைத்தொடுவாயில் எங்கள் வீட்டுக்குப் ‘பங்களா’ என்று பெயர். வெளியூர் ஆட்கள் அந்தப் பெயரை நம்பி வந்து பார்த்துவிட்டு, பக்கத்து வளவில் போய்ப் பங்களா எங்கே என்று விசாரிப்பார்கள்.

அதைக் கட்டியவர் றீற்றாவின் பாட்டனார். இறங்குதுறைப் பக்கம் ஒரு துரையின் பங்களாவில் சமையல்காரராகக் குசினி வேலை பார்த்தவர். துரை ஊரைவிட்டுப் போன பிறகு, தான் கண்ட பங்களாவைப் போலவே ஒரு வீடு கட்டுவேன் என்று தொடங்கினார். அவருக்குப் பங்களாவில் நன்றாகத் தெரிந்த இடம் குசினி. ஆகவே குசினி பெரிதாக, காற்றோட்டமாக, அச்சாக வந்தது. துரை இருந்த ஹோலுக்குள் அவர் தட்டத்தோடு போய்த் தட்டத்தோடு திரும்பியவர். எங்கள் ஹோலில் இன்றைக்கும் இரண்டு கதிரைக்கு மேல் போட்டால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

குசினிக்கு மேல் செங்கல்லால் ஒரு புகைக்கூடு. கூரைக்கு மேல் ஒரு ஆள் உயரம். அந்தக் கரையில் வேறு எந்த வீட்டுக்கும் புகைக்கூடு இல்லை. பங்களா என்ற பெயர் வந்ததற்கு அதுதான் காரணம்.

நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவன். தபால் கந்தோரில் வேலை. ஊர் இன்றைக்கும் என்னைக் கிளாக்கர் என்றுதான் கூப்பிடுகிறது. கடலோடு எனக்கிருந்த தொடர்பு, மீன் சாப்பிடுவது ஒன்றுதான்.

சண்டைக் காலத்தில் இரண்டு கிழமைக்கு என்று சொல்லி வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கள் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போனோம். நறுவிலிக்குளத்தில் கந்தையாவின் வளவில் ஒரு கொட்டில் போட இடம் கிடைத்தது. வயல்காரர். விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையில் மேசன் வேலை செய்வார். அவர்கள் சைவம், நாங்கள் வேதம், அதாவது கத்தோலிக்கர். அவர்கள் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார்கள். நாங்கள் ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்து வெள்ளியில் தொடமாட்டோம். மற்ற நாட்களில் எங்கள் கருவாட்டு மணத்தை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு கிழமை முடிவதற்குள் எங்கள் இரண்டு பெண்களும் பெரியவர்களாகிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த முள்ளுக்கம்பி முகாமைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அதை இரண்டு தரம் எழுத எனக்கு மனமில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு இல்லை, யன்னல் இல்லை, யன்னலின் மரச்சட்டமும் இல்லை. ஹோலுக்குள் ஆடுகள் படுத்திருந்தன. புகைக்கூடு மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. சேதம் பார்க்க வந்த உத்தியோகத்தரின் படிவத்தில் ‘முழுச் சேதம்’, ‘பகுதிச் சேதம்’ என்று இரண்டே பெட்டிகள். அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். புகைக்கூட்டை அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது பெட்டியில் புள்ளடி போட்டார்.

அன்றிலிருந்து றீற்றாவுக்கு அந்தப் புகைக்கூட்டைக் கண்ணில் காட்டக்கூடாது. அது மட்டும் விழுந்திருந்தால் முழு வீட்டுத்திட்டம் கிடைத்திருக்கும் என்று கோயிலில் கூடச் சொல்லியிருக்கிறாள். போதாக்குறைக்கு அவள் அப்போது எரிவாயு அடுப்புக்கு மாறியிருந்தாள்.

இரண்டு பெண்கள், ஒரு உறுதி

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மூத்தவள் ஜெசிந்தாவின் கல்யாணம் இடம்பெயர்ந்த இடத்தில் நடந்தது. மாப்பிள்ளை சூசையும் எங்கள் ஊர்தான், எங்களைப் போல் ஓடிவந்தவர். சீதனமாக இந்த வீட்டை எழுதிக் கொடுத்தோம். அந்த நேரம் அந்த வீடு நிற்கிறதா இல்லையா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. உறுதிப் பத்திரத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

இளையவள் மெலனிக்குக் கொடுக்க வேறு காணி இல்லை. பின்னால் கோயில் காணி, முன்னால் கடல். மெலனிக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இடம்பெயர்ந்து இருந்த வருடங்களை வயதில் கழித்துக்கொள்ள எந்தக் கந்தோரிலும் படிவம் இல்லை.

அவளும் ஜெறோமும் மீள்குடியேற்றப் பதிவு வரிசையில் சந்தித்தவர்கள். அந்த வரிசை நீளமானது. ஜெறோம் சின்ன வயதில் இந்தியாவுக்குப் படகேறி, அங்கே அகதி முகாமில் வளர்ந்து, தாயோடு திரும்பி வந்தவர். ‘ஓம்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஆமா’ என்பார். முதல் நாள் றீற்றாவை ‘அத்தை’ என்று கூப்பிட்டார். மாமி என்று திருத்தினாள். மற்றப்படி ஒரு குறையும் சொல்ல முடியாத பொடியன். நிவாரணத்தில் ஒரு படகும் எஞ்சினும் கிடைத்திருந்தன.

தாய்க்காரி கேட்டது ஒன்றுதான். “பெண்ணுக்கு ஒரு வீடு வேணும்.” எங்களிடம் இருந்தது ஒரு வீடு. அதற்கு மேலே ஒன்று கட்டுவது என்று முடிவானது: இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, வெளியால் தனிப்படி. நோர்வேயில் இருந்த றீற்றாவின் தம்பி செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். வீட்டு உறுதி ஜெசிந்தாவின் பெயரில் இருந்ததால் அவளிடம் கேட்டோம். “தங்கச்சிக்குத்தானே, கட்டுங்கோ” என்றாள்.

மேல்மாடி வந்தால் மெலனிக்குக் கல்யாணம். வராவிட்டால் இல்லை. அந்த நிலைமையில்தான் சூசை புகைக்கூட்டுக்காக முற்றத்தில் நின்று வேண்டாம் என்றார்.

மத்தியானச் சாப்பாடு

ஒரு கிழமை பொறுத்தேன். ஒரு புகைக்கூட்டின் மேல் ஒரு மனிதனுக்கு என்ன ஆசை இருக்க முடியும் என்று எல்லா வழியிலும் யோசித்தேன். அவர் அதைக் கட்டவில்லை, அதில் சமைக்கவும் இல்லை. சீதன வீட்டில் பங்கு போகிறது என்ற எரிச்சல்தான், வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுப் புகைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குள் தீர்ப்பு எழுதினேன்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தீர்ப்பை வாசித்தேன்.

“உமக்கு வந்த வீட்டிலை மெலனிக்கு ஒரு பங்கு போறது நெஞ்சுக்கை எரியுது. அதுதானே தம்பி விஷயம்?”

சூசை பிசைந்த சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே விட்டார். “நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை மாமா” என்றார்.

“அப்ப காரணத்தைச் சொல்லும்.”

வீட்டில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். றீற்றா, ஜெசிந்தா, மெலனி, நான். அன்றைக்குப் பார்த்து ஜெறோமும் வந்திருந்தார். சூசை எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார்.

ஜெசிந்தா அழுதாள். மெலனி அதைவிடக் கூட அழுதாள். அன்றிலிருந்து ஒரே குசினியில் இரண்டு சமையல். எரிவாயு அடுப்பில் றீற்றா, கீழே விறகு அடுப்பில் ஜெசிந்தா. பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் புகைக்கூட்டால் புகை போனது. தபசுகாலம் தொடங்குமுன் முடிவு சொல்லச் சொல்லி ஜெறோமின் தாய் ஆள் அனுப்பினாள்.

உதவியாள்

ஒருநாள் பின்னேரம் சூசை வேலியோரமாக வந்து, “மாமா, நாளைக்கு விடியக் கடலுக்கு வாறியளோ?” என்றார். பேசாமல் இருந்த மனிதர் பேசுகிறாரே என்று ஓம் என்றுவிட்டேன். அதன் பொருள் பிறகுதான் விளங்கியது.

அந்த நாட்களில் கரையில் பெயர் பதிந்துவிட்டுத்தான் படகு இறக்கலாம். காவலில் இருந்த சிப்பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சூசையிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான். சூசை ஏதோ சொன்னார். கொப்பியில் என் பெயருக்கு நேரே ‘உதவியாள்’ என்று பதியப்பட்டது. அரசாங்க சேவையில் தலை நரைத்தவனுக்கு அது ஒரு புது நியமனம்.

உதவியாள் செய்த உதவி வாந்தி எடுத்தது. படகின் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. சூசை ஒன்றும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். கரை ஒரு கோடாகத் தெரியும் தூரத்தில் எஞ்சினை நிறுத்தினார்.

“இப்ப கரையைப் பாருங்கோ.”

பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூரை சின்னதாகத் தெரிந்தது. அதன் மேல் புகைக்கூடு. புகைக்கூட்டுக்கு நேர் மேலே, பின்னால் இருந்த கோயில் கோபுரத்துச் சிலுவை. தண்டில் மெழுகுதிரி வைத்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று.

“கொஞ்சம் விலத்தினாலும் சிலுவை இங்காலை போயிடும், இல்லாட்டி அங்காலை போயிடும். அது நேர நிக்கிற கோட்டிலை வரவேணும். பிறகு இன்னொரு குறி இருக்கு, அதுவும் சரியா வரவேணும். ரெண்டும் சந்திக்கிற இடத்திலை கீழை பார் இருக்கு.”

பார் என்றால் கடலடிப் பாறை. மீன் அங்கேதான் நிற்கும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத்தான் கடலில் ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கையில் வைத்து இடம் பார்க்கும் கருவி அப்போது எங்கள் ஊரில் ஒருவரிடமும் இல்லை.

“மற்றக் குறி எது?” என்றேன்.

“நீங்கள் அங்காலை திரும்பி இருங்கோ” என்றார். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் படகைக் கொஞ்சம் நகர்த்தினார், எதையோ பார்த்தார், “சரி” என்றார், வலையை இறக்கினார். என்ன பார்த்தார் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

வலை இறங்கியபின் சொன்னார். “சண்டைக்கு முதல் எனக்கு ஏழு பார் தெரியும் மாமா. அப்பர் காட்டினது. பனையை வைச்சு, மடத்துக் கூரையை வைச்சு, வாடியை வைச்சு. திரும்பி வந்து பாத்தால் பனை இல்லை, மடம் இல்லை, வாடி இல்லை. ஏழும் கடலுக்கை இருக்குது. ஆறு எங்கை எண்டு தெரியாது. இது ஒண்டுதான் மிஞ்சினது. உங்கட புகைக்கூடு நிண்டபடியால்.”

நாங்கள் எல்லோரும் திரும்பி வந்து எல்லைக் கல்லைத் தேடினோம். வேலிக்காகச் சண்டை பிடித்தோம், கிராம சேவகரிடம் ஓடினோம். இந்த மனிதர் ஆறு இடங்களை இழந்துவிட்டு ஒரு படிவம்கூட நிரப்பாமல் இருந்திருக்கிறார். அப்படி ஒரு படிவமும் இல்லை. சாப்பாட்டில் வைத்து நான் அவருக்குச் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. வாந்தியோடு சேர்த்து அதையும் விழுங்கினேன்.

“இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி?”

“எத்தினை பேர் இருந்தவை? ஜெறோமும் கடல்காரன். மாமி செபமாலைக் கூட்டத்துக்குப் போறவ. பாரைச் சொன்னால் பிறகு அது என்ரை பார் இல்லை மாமா, ஊர்ப் பார். ஜெசிக்கே நான் சொல்லேல்லை.”

அந்தோனியார் பேரில் சத்தியம் வாங்கினார். யாருக்கும் சொல்வதில்லை என்று.

இதை இப்போது எழுதுவது அவருடைய அனுமதியோடு. இன்றைக்குக் கைத்தொலைபேசியே வழி காட்டுகிறது, ஆனாலும் எச்சரிக்கையாக ஒரு விவரத்தை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்தப் பத்திரிகை எங்கள் கரைக்கும் வருகிறது.

அக்கினி மூலை

வீட்டுக்கு வந்ததும் றீற்றாவிடம் சொன்னேன். “புகைக்கூட்டை இடிக்க வேண்டாம்.”

“ஏன்?”

அந்தோனியார் சத்தியம் தடுத்தது.

“கடல்லை வைச்சு உங்களுக்கு என்னத்தைப் பருக்கினவன்?” என்றாள்.

அதன்பின் வீட்டில் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்பவர்கள் இரண்டு பேரானோம். மெலனி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எனக்குத் தேத்தண்ணீர் கதிரைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது, கையில் தரப்படவில்லை. சூசை அதுவரைக்கும் எப்படி நாட்களைக் கடத்தியிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது.

நறுவிலிக்குளத்துக்கு பஸ் ஏறினேன். கந்தையா வரம்பில் நின்றார்.

“கந்தையாண்ணை, கிழக்குப் பக்கத்தை விட்டிட்டு மேற்கிலை மட்டும் கட்டவேணும். அத்திவாரம் தாங்காது எண்டு றீற்றாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஏன் எண்டு மட்டும் கேக்காதையுங்கோ.”

அவர் முகம் மாறிவிட்டது. “நான் கிண்டிப் பாத்தனான். அந்த அத்திவாரம் மூண்டு மாடி தாங்கும். தாங்காது எண்டு என்ரை வாயாலை சொல்ல ஏலாது கிளாக்கர்.”

“அப்ப வேறை ஏதும்…”

“வேறை சொல்லலாம். கிழக்கிலை, தெற்குப் பக்கமாய் உங்கட குசினி. அக்கினி மூலை. அடுப்புக்கு மேலை படுக்கிற அறை வரக்கூடாது. எனக்கு முதல் நாளே மனசு கேக்கேல்லை. நீங்கள் வேதக்காரர், சொன்னால் சிரிப்பியள் எண்டு பேசாமல் இருந்தனான்.”

பொய் கேட்டுப் போன இடத்தில் அவர் உண்மையையே தந்தார். அவருடைய உண்மை. அடுத்த நாளே வந்து றீற்றாவிடம் சொன்னார்.

“நாங்கள் வேதத்துக்காரர், எங்களுக்கு என்ன வாஸ்து” என்றாள் றீற்றா. அன்று முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மறுநாள் பூசை முடிந்து வந்து, “ஒரு மனிசன் வாய் திறந்து சொன்னாப் பிறகு எப்பிடிக் கட்டுறது? பிள்ளைக்கு ஒண்டு ஆயிட்டால்?” என்றாள்.

ஜெறோமின் தாய்க்கு விளக்கமே தேவைப்படவில்லை. இந்தியாவில் இருந்து வந்தவள். “அக்கினி மூலையா? ஐயையோ, வேண்டாம்” என்றாள். இரண்டு அறை ஒரு அறை ஆனது. கிழக்குப் பக்கம் கூரை அப்படியே இருந்தது, புகைக்கூடும் இருந்தது. மாதாவுக்கு விளக்கு ஏற்றி, தோரணம் கட்டி, மெலனிக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணப் படத்தில் எல்லோருக்கும் பின்னால் புகைக்கூடு நிற்கிறது. றீற்றா அந்தப் படத்தை அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள்.

மேலே, கீழே

கதை இதோடு முடிந்திருந்தால் நான் புத்திசாலி என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

ஜெறோமிடம் படகு இருந்தது, கடல் இல்லை. அவர் தொழில் பழகியது அக்கரையில், வேறு ஆட்களின் படகில். இங்கே எந்தத் தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒருவரும் இல்லை. மற்றப் படகுகளின் பின்னால் போய்ப் பார்த்தார். ஜெறோம் பின்னால் வருவது தெரிந்தால் முன்னால் போகிறவர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைப்பார். அவர் விலகிப் போகும் வரைக்கும் அங்கேயே மிதப்பார். கடலில் அது தப்பில்லை, ஊர் வழக்கம். எங்கள் சூசையும் அப்படித்தான் நின்றார்.

கீழே மீன் பொரியும். மேலே தகரத்தில் அடைத்த ரின்மீன் திறப்பார்கள். ஜெசிந்தா ஒரு சட்டியில் கறி கொண்டு படியேறுவாள். மெலனி முதலில் வாங்கினாள். பிறகு சட்டி அப்படியே திரும்பி வந்தது.

மெலனி பிள்ளைத்தாச்சி ஆனாள். ஒற்றை அறையில் தொட்டில் எங்கே போடுவது என்று கேட்டாள். ஒருநாள் படியில் நின்று, கீழே எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்.

“எனக்கெண்டு சொன்னது ரெண்டு அறை. ஒண்டை வாஸ்து எண்டு தின்னாச்சு. ஒரு வீட்டிலை ரெண்டு படகு இருக்கு, ஒண்டு நிறைய வருது, ஒண்டு வெறும் படகாய் வருது. அக்காவுக்கு எல்லாம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு அப்பா?”

கீழே சூசை வலை பின்னிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஊசி மட்டும் நின்றது.

றீற்றா எழும்பினாள். “பாதரைக் கூப்பிட்டு மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிச்சுப்போட்டுக் கட்டுவம். வாஸ்துவும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். புகைக்கூட்டை இந்தக் கிழமையே இடிக்கிறது.” ஜெசிந்தாவும் ஓம் என்றாள். கந்தையாவுக்குச் செய்தி போனது.

நான் என்ன சொல்ல முடியும்? வாயைத் திறந்தால் சூசையின் கடைசிப் பார் போய்விடும். மூடிக்கொண்டிருந்தாலும் போய்விடும். என் வாழ்க்கையில் அவ்வளவு உபயோகமில்லாத ஆளாக நான் இருந்ததில்லை.

மூன்று நாள் சூசை தனியாகக் கடலுக்குப் போய் வந்தார். நான்காம் நாள் விடியக்காலை, முற்றத்தில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

“ஜெறோம். இறங்கி வாரும். என்ரை படகிலை போவம்.”

கல்யாணம் முடிந்து ஒரு வருடத்தில் அவர் ஜெறோமைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் அன்றுதான் கேட்டேன்.

கந்தையா வந்த நாள்

அவர்கள் திரும்பி வரும்போது கந்தையா முற்றத்தில் நூலை எடுத்து வைத்திருந்தார். றீற்றா பக்கத்தில் நின்றாள். ஜெறோம் மீன் கூடையை மெலனியிடம் கொடுத்தார். நிறைந்த கூடை. பிறகு நூலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

“மாமி, அந்தப் பக்கம் கட்ட வேணாம்.”

“ஏன் தம்பி?”

ஜெறோம் சூசையைப் பார்த்தார். மெலனி கூடையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். ஒரு மீனை எடுத்து நிறுத்துப் பார்ப்பது போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

றீற்றா எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். “இந்த வீட்டு ஆம்பிளையளுக்கு என்னவோ பிடிச்சுப் போட்டுது” என்றாள். கந்தையா நூலைச் சுற்றிக்கொண்டு, வெட்டு முடிந்து வருகிறேன் என்று பஸ்ஸுக்குப் போனார்.

நான் கரைக்குப் போனேன். சூசை எஞ்சினைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

“காட்டினீரோ?”

“ஓம்.”

“ரெண்டு குறியுமோ?”

“ரெண்டும்தான்.”

“எனக்கு ஒண்டுதானே காட்டினீர்.”

“நீங்கள் என்ன மீன் பிடிக்கவோ போறியள்?” என்றார். அவர் பகிடி விட்டதும் அன்றுதான்.

“ரெண்டு படகுக்கு அந்தப் பார் காணுமோ தம்பி?”

“காணாது மாமா. சின்னப் பார். ஒருநாள் அவர், ஒருநாள் நான்.” எஞ்சினைத் துடைத்தபடி சொன்னார். “மெலனியின்ரை அறையை எடுத்தது நான்தானே. கட்டிக் குடுக்க என்னட்டை வேறை என்ன இருக்கு?”

என் இரண்டு பெண்களுக்கும் நான் கொடுத்த சீதனத்தைச் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாது. எனக்கு அழுகை வந்தது. கடற்கரையில் நாலு பேர் பார்க்க அழுதேன்.

“அண்டைக்குச் சாப்பாட்டிலை வைச்சு நான் உம்மைச் சொன்னதை மன்னிச்சுக்கொள்ளும்” என்றேன்.

“எண்டைக்கு?” என்றார் சூசை.

மறந்ததால் கேட்டதல்ல. எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

மறுநாள் ஜெறோமின் முறை. விடியும்போது கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி அமர்ந்து கிடந்தது. அப்படிப்பட்ட ஒரு காலையில் சூசை வீட்டில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேலிப் படலையடியில் நின்று, ஜெறோமின் படகுச் சத்தம் தேயும் வரைக்கும் கேட்டுவிட்டு, உள்ளே வந்து, ஜெசிந்தாவிடம் தேத்தண்ணீர் கேட்டார்.